பிறவாக் குழவியின் பால் அறிதல்: ஒரு வரலாற்று நோக்கு

கருவுற்ற தாயின் வயிற்றில் வளர்வது ஆணா பெண்ணா என்னும் வினா மனித சமுதாயத்தின் மிகப் பழைய வினாக்களுள் ஒன்றாகும். அரசுரிமை, நிலவுரிமை, குலத்தொடர்ச்சி, இறந்தார்க்குச் செய்யும் கடன் என்பன ஆண்வழியே இயங்கிய சமுதாயங்களில் இவ்வினா வெறும் ஆவலின் பாற்பட்டதாக இருக்கவில்லை. குடும்பமொன்றின் எதிர்காலத்தையே அது தொட்டு நின்றது. ஆயினும் இதற்கு நம்பத்தக்க விடை கிடைத்தது 1950களின் நடுப்பகுதியிலேயே ஆகும். அதற்கு முற்பட்ட மூவாயிரம் ஆண்டுகளையும் ஊகத்தின் காலம் எனவும், பிற்பட்டதைச் சோதனையின் காலம் எனவும் வகுத்துக் கொள்ளலாம்.

இவ்விரு காலங்களிலும் தவறுகள் நிகழ்ந்துள்ளன. ஆனால் அவற்றின் தன்மை ஒன்றன்று. ஊகம் பொய்த்தபோது வீட்டில் வியப்போ ஏமாற்றமோ மாத்திரமே விளைந்தது. சோதனை வந்த பின்னரோ, அதன் விடையைக் கொண்டே கரு வளர்வதா அழிவதா என்பது தீர்மானிக்கப்படலாயிற்று. அறிவின் துல்லியம் கூடக் கூடத் தவறு குறைந்திருத்தல் வேண்டும் என எதிர்பார்ப்பது இயல்பே. வரலாறு அவ்வாறு நடக்கவில்லை. அது ஏன் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஊகத்தின் காலம்

இப்பொருள் பற்றிய மிகப் பழைய எழுத்துச் சான்றுகளுள் ஒன்று எகிப்திலிருந்து கிடைக்கின்றது. பேர்லின் நூதனசாலையிற் பேணப்படும் பப்பிரசுச் சுவடியொன்று, கி.மு. 13ஆம் நூற்றாண்டளவைச் சேர்ந்தது, ஒரு சோதனை முறையை விவரிக்கின்றது. பெண்ணொருத்தி நாள்தோறும் பார்லியின் மீதும் கோதுமையின் மீதும் சிறுநீர் பெய்தல் வேண்டும். பார்லி முளைப்பின் ஆண் குழந்தை, கோதுமை முளைப்பின் பெண் குழந்தை, இரண்டும் முளையாவிடிற் கருவே இல்லை என்பது அதன் விதி. 1963ஆம் ஆண்டில் எகிப்திய ஆய்வாளர் சிலர் இதனை மீண்டும் செய்து பார்த்தனர். கருவுற்ற பெண்களின் சிறுநீர் ஏறத்தாழ 70 சதவீதமான சந்தர்ப்பங்களில் தானியத்தை முளைக்க விட்டது. கருவுறாதோரின் சிறுநீர் முளைத்தலைத் தடுத்தது. எனவே கருவுற்றமையை அறியும் அளவில் அம்முறை முற்றிலும் பொருளற்றதன்று. ஆனால் எத்தானியம் முளைத்தது என்பதற்கும் குழந்தையின் பாலுக்கும் எவ்விதத் தொடர்பும் காணப்படவில்லை.

கிரேக்க மரபில் ஹிப்போகிரட்டீசின் பெயரால் வழங்கும் மருத்துவ வாசகங்களில் இரு குறிகள் சொல்லப்படுகின்றன. ஆண் குழந்தையைச் சுமப்பவள் நல்ல நிறமும் பெண் குழந்தையைச் சுமப்பவள் மங்கிய நிறமும் உடையவளாவாள் என்பது ஒன்று. ஆண் கரு பெரும்பாலும் வலப்புறத்திலும் பெண் கரு இடப்புறத்திலும் தங்கும் என்பது மற்றொன்று. வலம் இடம் என்னும் இக்கொள்கையை அரிஸ்டோட்டில் மறுத்தார். விலங்குகளை அறுத்துப் பார்க்கும்போது ஆண் கருவும் பெண் கருவும் கருப்பையின் ஒரே பக்கத்திற் காணப்படுகின்றன என்பது அவர் காட்டிய சான்று. கண்ணாற் கண்டதைக் கொண்டு கொள்கையை மறுத்த அவரே, பெண் என்பவள் வெப்பக் குறைவினால் முழுமை பெறாத பிறப்பு எனவும் கூறிச் சென்றமை கவனிக்கற்பாலது.

இந்திய மருத்துவ நூல்களும் இவ்வகையினவே. தாயின் வலமார்பில் முதலிற் பால் தோன்றுதல், வலக்கண் சற்றுப் பெரிதாகத் தோன்றுதல் முதலியவற்றை ஆண் கருவின் குறிகளாகச் சுசுருத சங்கிதை குறிப்பிடுகின்றது. இரண்டாம் மாதத்திற் கரு திரண்டிருப்பின் ஆண் எனவும் நீண்டிருப்பின் பெண் எனவும் சரக சங்கிதை வகுக்கின்றது. ஆண் மகவு வேண்டிச் செய்யப்படும் பும்சவனம் என்னும் சடங்கு கருவுற்ற தொடக்க மாதங்களுக்குரியதாக விதிக்கப்பட்டது. தமிழில் திருமந்திரத்தின் கருவுற்பத்திப் பகுதி, கருத்தரிக்கும் வேளையில் மூச்சு வலநாசியில் ஓடின் ஆண் எனவும் இடநாசியில் ஓடிற் பெண் எனவும் கூறுகின்றது.

ஒன்றோடொன்று தொடர்பு குறைந்த இம்மரபுகள் ஒரு செய்தியில் ஒன்றுபடுகின்றன. வலம், வெப்பம், ஒளி, வலிமை என உயர்வாகக் கருதப்பட்டவை யாவும் ஆணுக்கும், இடம், குளிர்ச்சி, மங்கல், சோர்வு என்பன பெண்ணுக்கும் உரியனவாக்கப்பட்டன. தாயின் உடலிற் கண்ட குறிகள் எனச் சொல்லப்பட்டவை பெரிதும் சமுதாயம் ஆணுக்கும் பெண்ணுக்கும் அளித்த மதிப்பின் நிழல்களே எனலாம்.

இக்குறிகள் இத்துணைக் காலம் நிலைத்தமைக்குக் காரணம் எளிது. விடை இரண்டே ஆதலின் எக்குறியும் ஏறத்தாழ இருமுறைக்கு ஒருமுறை மெய்க்கும். இயற்கையில் 100 பெண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய 105 ஆண் குழந்தைகள் பிறப்பதால், எதனையும் நோக்காது எப்போதும் 'ஆண்' என்றே சொல்பவர் நூற்றுக்கு ஐம்பத்தொரு முறை சரியாகச் சொன்னவராவர். மெய்த்தவை நினைவில் நிற்கும். பொய்த்தவை குழந்தை பிறந்த மகிழ்ச்சியில் மறக்கப்படும்.

விஞ்ஞான முறை பரவிய 19ஆம் நூற்றாண்டிலும் இந்நிலை உடனே மாறவில்லை. கருவின் இதயத்துடிப்பைத் தாயின் வயிற்றின்மேற் செவிவைத்துக் கேட்கும் முறை 1820களில் பிரான்சில் அறிமுகமாயிற்று. 1859இல் ஜெர்மனிய மருத்துவர் பிராங்கன்ஹோய்சர், ஆண் கருவின் இதயம் நிமிடத்துக்குச் சராசரி 124 தடவையும் பெண் கருவின் இதயம் 144 தடவையும் துடிக்கும் என அறிவித்தார். பிற்காலத்து ஆய்வுகள் இதனை உறுதிப்படுத்தவில்லை. ஒரே கருவின் துடிப்பே மணிக்கு மணி மாறுவதாகும். எண்ணால் அளந்து சொல்லப்பட்டமையால் மாத்திரம் ஒரு கூற்று விஞ்ஞானமாகிவிடாது என்பதற்கு இது தக்க சான்றாகும்.

கலத்தினுட் கிடைத்த விடை

உண்மையான விடைக்கு வழி தாயின் உடலை நோக்கியதாற் பிறக்கவில்லை. பூச்சிகளின் கலங்களை ஆராய்ந்ததாற் பிறந்தது. 1905இல் அமெரிக்காவில் நெற்றி ஸ்ரீவன்ஸ் என்னும் பெண் விஞ்ஞானி மாப்புழு வண்டுகளை ஆராய்ந்து, விந்திலுள்ள சிறிய நிறமூர்த்தமே ஆண்பாலை நிருணயிப்பது எனக் கண்டார். எட்மண்ட் வில்சன் அதே காலத்திற் சுயாதீனமாக இதையொத்த முடிவுக்கு வந்தார். பெண்ணுக்கு இரு எக்ஸ் நிறமூர்த்தங்களும் ஆணுக்கு ஓர் எக்ஸும் ஒரு வையும் உள. எனவே குழந்தையின் பாலைத் தீர்மானிப்பது தந்தையின் விந்தேயாகும். பெண் மகவையே பெறுகிறாள் என்று மனைவியை நூற்றாண்டுகளாகத் தூற்றி வந்த வழக்கம் உயிரியலில் எவ்வித அடிப்படையும் அற்றது என்பது இதனால் நிறுவப்பட்டது.

அடுத்த படி 1949இற் கனடாவில் நிகழ்ந்தது. மறே பார், அவருடைய மாணவர் ஈவாட் பேர்ட்ரம் ஆகியோர் பூனைகளின் நரம்புக்கலங்களை ஆராய்கையில், பெண் பூனையின் கலக்கருவில் மாத்திரம் ஒரு கரிய புள்ளி இருப்பதை அவதானித்தனர். அது பெண்ணின் இரு எக்ஸ் நிறமூர்த்தங்களுட் செயலடங்கிச் சுருண்ட ஒன்று என்பது பின்னர்த் தெளிவாயிற்று. பார் உடல் என இன்று வழங்கும் இப்புள்ளியைக் காண்பதற்குச் சாயமூட்டிய சில கலங்களும் ஒரு நுணுக்குக்காட்டியும் போதுமானவை.

கருவின் கலங்களைப் பெறுவதற்கும் வழி இருந்தது. வழக்கிற் பன்னீர்க்குடம் எனப்படும் பையிலுள்ள நீரிற் கருவின் தோலிலிருந்து உதிர்ந்த கலங்கள் மிதக்கின்றன. அந்நீரை ஊசியால் எடுத்து ஆராய்ந்து கருவின் பாலை அறியலாம் என்பதை 1955, 1956ஆம் ஆண்டுகளில் ஜெருசலேம், கொப்பன்ஹேகன், நியூயோர்க், மினசோட்டா ஆகிய இடங்களைச் சேர்ந்த ஆய்வாளர் தனித்தனியே காட்டினர். மூவாயிரம் ஆண்டுப் பழைமை வாய்ந்த வினா இவ்வாறு ஈராண்டுகளில் விடை பெற்றது.

முதற் பயனும் முதற் தவறுகளும்

இவ்வறிவின் முதற் பயன் ஆண் விருப்போடு தொடர்புடையதன்று. ஹீமோபீலியா எனப்படும் குருதியுறையா நோயைத் தாய் கடத்துவாளாயின், அவளுடைய ஆண் மக்களுள் இரண்டில் ஒருவருக்கு அந்நோய் ஏற்படும் வாய்ப்பு உண்டு. பெண் மக்களுக்கு அது பொதுவாக ஏற்படுவதில்லை. 1960இற் கொப்பன்ஹேகனைச் சேர்ந்த றீஸ், ஃபூக்ஸ் ஆகியோர் இத்தகைய தாய்மாரிற் பால் அறியும் சோதனையைப் பயன்படுத்தியதை அறிவித்தனர். பெண் கருவாயின் கர்ப்பம் தொடரும். ஆண் கருவாயிற் கலைத்தற்கு இடமளிக்கப்படும். ஆகவே பாற் சோதனையின் அடிப்படையிற் கருக்கலைப்பு மருத்துவத்துட் புகுந்தபோது அது ஆண் கருவையே குறித்ததாயிருந்தது. நோயுற்ற ஆணையும் நலமுள்ள ஆணையும் வேறுபடுத்த அன்று வழியில்லாமையால், அழிக்கப்படும் கருக்களிற் பாதி நலமுடையனவாக இருக்கக்கூடும் என்பதும் அறிந்தே ஏற்கப்பட்டது.

சோதனைக்கு உரிய தவறுகளும் விரைவில் வெளிப்பட்டன. பெண்ணின் எல்லாக் கலங்களிலும் பார் உடல் தெரிவதில்லை. எனவே அது காணப்படாமை ஆண் என்பதற்குத் தீர்ந்த சான்றாகாது. நீரில் மிதப்பவை பெரும்பாலும் இறந்த கலங்களாதலின் அவை சாயத்தைச் செவ்வனே ஏற்பதில்லை. ஊசி செல்லும் வழியில் தாயின் கலங்கள் கலந்துவிடின் ஆண் கருவும் பெண் எனத் தோன்றும்.

இவற்றினும் ஆழமான தவறொன்று இருந்தது. டேர்னர் நிலை உள்ள பெண்களிற் பார் உடல் இல்லாமையும், கிளைன்ஃபெல்டர் நிலை உள்ள ஆண்களில் அது இருந்தமையும் 1950களிற் கண்டறியப்பட்டன. முன்னையோர் மரபால் ஆண்கள் எனவும் பின்னையோர் மரபாற் பெண்கள் எனவும் சில ஆண்டுகள் கருதப்பட்டனர். 1959இல் நிறமூர்த்தங்களை நேரே எண்ணியபோது முன்னையோருக்கு எக்ஸ் ஒன்றே உண்டு என்பதும், பின்னையோருக்கு இரு எக்ஸுடன் ஒரு வையும் உண்டு என்பதும் புலனாயின. சோதனை தனக்குத் தெரிந்த அடையாளத்தையே காட்டும். அதற்கு நாம் கொடுக்கும் பொருள் பிழைத்தற்கும் இடமுண்டு. பிற்காலத்து நுண்ணிய முறைகளுக்கும் இது பொருந்தும். எக்ஸும் வையும் உடையவராயிருந்தும், ஆண் ஓமோனுக்கு உடல் இணங்காமையாற் பெண்ணுருவிற் பிறப்போர் உளர்.

1966இல் நீரிலுள்ள கலங்களை வளர்ப்பூடகத்தில் வளர்த்து நிறமூர்த்தங்களை எண்ணும் முறை உருவானபோது, பார் உடலைச் சார்ந்திருந்த தவறுகள் பெருமளவு நீங்கின. ஆனால் அதற்கு வசதியான ஆய்வுகூடமும் வாரக்கணக்கான காத்திருப்பும் தேவைப்பட்டன. இவ்வசதிகள் இல்லாத இடங்களிற் பழைய எளிய முறையே தொடர்ந்தது.

ஆசியாவிற் சோதனை

1975இற் சீனாவின் அன்சான் உருக்காலையைச் சார்ந்த வைத்தியசாலை, கருப்பையின் வாயிலூடாகச் சடைமுளைக் கலங்களை எடுத்துத் தொடக்க மாதங்களிலேயே பாலை அறிந்த 100 பெண்களின் விவரத்தை வெளியிட்டது. பத்தில் ஒன்பதுக்கும் மேற்பட்டவை சரியாக அமைந்தன. அவர்களுள் 30 பேர் கருவைக் கலைத்தனர். அவற்றுள் 29 பெண் கருக்கள். நோயைப் பற்றிய பேச்சே இல்லாத நிலையிற் பாலை மாத்திரம் கொண்டு கரு தெரிவு செய்யப்பட்டமைக்கு இவ்வறிக்கை வெளிப்படையான தொடக்ககாலச் சான்றாகும்.

இந்தியாவில் மருத்துவக் கருக்கலைப்புச் சட்டம் 1971இல் இயற்றப்பட்டது. குறித்த காரணங்களுக்காக 20 வாரம் வரை கருவைக் கலைக்க அது இடமளித்தது. குழந்தையின் பால் அக்காரணங்களுள் ஒன்றன்று. 1970களின் நடுப்பகுதியிற் புதுடெல்லி அகில இந்திய மருத்துவ விஞ்ஞான நிறுவகத்தில், பிறவிக் குறைபாடுகளை அறியும்பொருட்டுப் பன்னீர்க்குட நீர்ச் சோதனை தொடங்கப்பட்டது. ஆயின் சோதனைக்கு வந்த தாய்மாரிற் பலர் அறிய விரும்பியது குறைபாட்டையன்று, பாலையே என்பதும், பெண் எனக் கேட்டோர் கருவைக் கலைக்க வேண்டினர் என்பதும் விரைவிற் தெளிவாயிற்று. அத்தசாப்தத்தின் பிற்பகுதியில் அரசாங்க நிறுவனங்களிற் பால் அறியும் சோதனை தடைசெய்யப்பட்டது. தனியார் மருத்துவமனைகளைத் தடை தீண்டவில்லை. இன்று சில நூறு ரூபா செலவிட்டால் நாளை சீதனப் பெருந்தொகையைச் சேமிக்கலாம் என்னும் கருத்தமைந்த விளம்பரங்கள் வட இந்திய நகரங்களிற் பகிரங்கமாகத் தோன்றின.

1982இற் பஞ்சாபின் அமிர்தசரஸ் நகரில் நிகழ்ந்த சம்பவம் இவ்வரலாற்றில் ஒரு திருப்புமுனையாகும். தனியார் மருத்துவமனையொன்றில் நீர்ச் சோதனையின் பின் பெண் எனக் கூறப்பட்டு ஒரு கரு கலைக்கப்பட்டது. கலைக்கப்பட்ட பின்னரே அது ஆண் எனத் தெரியவந்தது. குடும்பம் செல்வாக்குடையது. செய்தி பத்திரிகைகளில் வெளிவர, நாடெங்கும் கண்டனம் எழுந்தது. பல ஆண்டுகளாக நடைபெற்றுவந்த ஒரு தொழில் பொதுமக்கள் கவனத்துக்கு வந்தது இத்தவறினாலேயேயாகும்.

இச்சம்பவம் இரு உண்மைகளை உணர்த்துகின்றது. முதலாவது, தவறுகள் வெளிப்படும் முறையிலேயே ஒரு சமமின்மை உண்டு. பெண்ணை ஆண் எனச் சொன்னவரின் பிழை குழந்தை பிறந்தவுடன் அம்பலமாகும். ஆணைப் பெண் எனச் சொன்னவரின் பிழையோ கருவோடு சேர்ந்து மறைந்துவிடும். கரு போதிய வளர்ச்சி பெற்று, கண்ணாற் காணத்தக்கதாய் இருந்தாலன்றி அதனை எவரும் அறியார். எனவே சோதனையின் துல்லியத்தைப் பற்றி மருத்துவமனைகள் கூறிக்கொண்டவை சரிபார்க்க இயலாதனவாயிருந்தன.

இரண்டாவது, இன்னும் முக்கியமானது. ஆண் கருவொன்று அழிந்தபோது 'தவறு' என்று எழுந்த குரல், சோதனை சரியாக அமைந்து பெண் கருக்கள் அழிந்தபோது எழவில்லை. சோதனை பிழைத்ததே குற்றமாகத் தோன்றியது. சோதனை எதற்காகச் செய்யப்பட்டது என்பது குற்றமாகத் தோன்றவில்லை. இம்முரண்பாட்டைச் சுட்டிக் காட்டியோர் பெண்கள் அமைப்பினரே. ஒரு பிழையைப் பற்றிய விவாதத்தை அவர்கள் ஒரு வழக்கத்தைப் பற்றிய விவாதமாக மாற்றினர். பம்பாயில் 1980களின் நடுப்பகுதியில் மருத்துவரும் வழக்கறிஞரும் பெண்கள் இயக்கத்தினரும் இணைந்து நடத்திய பிரசாரத்தின் விளைவாக, 1988இல் மகாராஷ்டிர மாநிலம் இத்தகைய சோதனைகளைக் கட்டுப்படுத்தும் சட்டத்தை இயற்றியது. இந்தியா முழுமைக்குமான சட்டம் 1994இல் நிறைவேறி 1996 ஜனவரி 1ஆம் தேதி நடைமுறைக்கு வந்தது.

கழியொலியும் குருதித்துளியும்

சட்டம் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே அது கருதிய தொழில்நுட்பம் பழையதாகிவிட்டது. 1958இற் கிளாஸ்கோவில் இயன் டொனால்டும் அவர்தம் குழுவினரும் கழியொலியால் வயிற்றினுள்ளே படமெடுக்கும் முறையை வெளியிட்டனர். மக்கள் வழக்கில் ஸ்கான் எனப்படும் இம்முறை 1980களில் ஆசிய நாடுகளெங்கும் பரவியது. ஊசியும் ஆய்வுகூடமும் தேவையில்லை; விடை அக்கணமே கிடைக்கும்; வாகனத்தில் ஏற்றிக் கிராமங்களுக்கும் கொண்டு செல்லலாம்.

கழியொலி முறைக்கும் அதற்குரிய பிழைகள் உண்டு. பன்னிரண்டு வாரத்துக்கு முன் இருபாற் கருக்களிலும் பிறப்புறுப்பின் முளை ஏறத்தாழ ஒரே அளவினது. அது சாய்ந்துள்ள கோணம் மாத்திரமே வேறுபாட்டைக் காட்டும். 1999இல் இலண்டனில் வெளியான ஆய்வொன்றில் 11ஆம் வாரத்திற் சரியான விடை 70 சதவீதமாகவும், 12ஆம் வாரத்தில் 98 சதவீதத்துக்கு மேலாகவும், 13ஆம் வாரத்தில் 100 சதவீதமாகவும் இருந்தது. கால்களுக்கிடையே கிடக்கும் தொப்புட்கொடியை ஆணுறுப்பாகக் கொள்வதும், கால்கள் மடங்கி மறைப்பதாற் பெண் எனக் கொள்வதும் அனுபவம் குறைந்தோர் செய்யும் பிழைகளாகும்.

1997இல் ஒக்ஸ்போர்டில் டெனிஸ் லோவும் அவருடைய சகாக்களும், தாயின் குருதியிலேயே கருவின் டி.என்.ஏ. கலந்திருப்பதைக் காட்டினர். தாயின் குருதியில் வை நிறமூர்த்தத்தின் துணுக்குகள் காணப்படின் கரு ஆண் என முடிவு செய்யலாம். 2011இற் பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கியபோது, ஆண் கருக்களை 95.4 சதவீதமும் பெண் கருக்களை 98.6 சதவீதமும் இம்முறை சரியாக இனங்கண்டது. ஏழு வாரத்துக்கு முன் எடுத்த குருதி நம்பத்தக்கதன்று என்பதும் அதனால் அறியப்பட்டது. துணுக்குகள் மிகக் குறைவாயின் ஆண் கரு பெண் எனப்படும். இரட்டைக் கருவில் ஒன்று தொடக்கத்திலேயே அழிந்திருப்பினும், தாய் முன்னர் ஆணொருவரின் உறுப்பைக் கொடையாகப் பெற்றிருப்பினும் பெண் கரு ஆண் எனப்படும். 2005இல் அமெரிக்காவில் 99.9 சதவீதத் துல்லியம் எனக் கூறித் தாய்மாருக்கு நேரடியாக இத்தகைய சோதனையை விற்ற நிறுவனமொன்று, பிழையான விடை பெற்றோரின் வழக்குக்கு அடுத்த ஆண்டே முகங்கொடுத்தது.

இந்தியச் சட்டம் 2003இல் திருத்தப்பட்டுக் கருத்தரிப்புக்கு முந்திய தெரிவையும் உள்ளடக்கியது. சொல்லாலோ சைகையாலோ வேறு எவ்வகையாலோ கருவின் பாலைத் தெரிவித்தல் அச்சட்டப்படி குற்றமாகும். இருப்பினும் குடிசன மதிப்பீடுகள் கசப்பான செய்தியையே கூறின. ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் பிள்ளைகளுக்குப் பெண் பிள்ளைகளின் தொகை 1981இல் 962, 1991இல் 945, 2001இல் 927, 2011இல் 918 எனத் தொடர்ந்து குறைந்தது. பஞ்சாபில் அது 2001இல் 798 ஆகவும் 2011இல் 846 ஆகவும் இருந்தது. பிறந்தபின் நேரும் புறக்கணிப்பும் கொலையும் இக்குறைவில் ஓரளவு பங்கு கொண்டன. தமிழ்நாட்டில் 1992இற் சேலம் மாவட்டத்திற் தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கப்பட்டமை அதனை நினைவூட்டும். எனினும் நாடளாவிய வீழ்ச்சியிற் கருவில் நிகழ்ந்த தெரிவின் பங்கு மறுக்கவியலாதது. பெண்கள் 'காணாமற்போன' இவ்வுண்மையை உலகின் கவனத்துக்குக் கொணர்ந்து, ஆசியாவிலும் வட ஆபிரிக்காவிலும் அத்தொகை 10 கோடிக்கு மேற்படும் என அமர்த்தியா சென் 1990இல் எழுதினார்.

மாறிய ஒரு நாடு

இந்நிலை மாறவியலாததா என்னும் வினாவுக்குத் தென்கொரியா விடை தருகின்றது. அங்கு 1990இல் 100 பெண் பிறப்புகளுக்கு 116.5 ஆண் பிறப்புகள் பதிவாயின. கருவின் பாலை வெளியிடுவதை 1987இலேயே சட்டம் தடைசெய்திருந்தது. ஆயினும் விகிதம் இயல்பு நிலைக்குத் திரும்பியது 2007ஆம் ஆண்டளவிலேயே ஆகும். அவ்விடைக்காலத்தில் அங்கு நிகழ்ந்தவை பல. பெண்கள் உயர்கல்வியும் ஊதியமும் பெற்றனர். முதுமையில் மகனையே சார்ந்திருக்கும் நிலை தளர்ந்தது. குடும்பத் தலைமையை ஆண்வழிக்கே உரியதாக்கிய பதிவு முறையை அரசியலமைப்பு நீதிமன்றம் 2005இற் கண்டித்தது; 2008இல் அது ஒழிந்தது. தடை இனித் தேவையில்லை எனக் கருதிய அந்நீதிமன்றம் 2024 பெப்ரவரியில் அதனையும் நீக்கியது. சோதனை முன்னரினும் எளிதாகவும் துல்லியமாகவும் கிடைக்கும் நாட்டில், அதன் விடையால் அழிவு நேரவில்லை.

சீதனச் சுமையே பெண் கரு அழிவுக்குக் காரணம் எனக் கூறுவது முழு விளக்கமாகாது என்பதும் இவ்வொப்பீட்டாற் புலனாகும். இந்தியாவிற் காணப்படும் வடிவிற் சீதனமில்லாத சீனாவும் கொரியாவும் இவ்வழி சென்றன. சீதனம் வழங்கும் இலங்கையில் தேசிய அளவிற் பிறப்பு விகிதம் இயற்கை நிலையினின்று பிறழவில்லை. சொத்தும் குலப்பெயரும் ஈமக்கடனும் முதுமைக்காலப் பாதுகாப்பும் மகனிடமே குவிக்கப்படும்போது மகள் மேலதிகமானவள் ஆகின்றாள். சீதனம் அவ்வமைப்பின் ஒரு கூறேயன்றி முழுமையன்று.

முடிவுரை

பார்லி முளையிலிருந்து குருதித்துளி வரை நீளும் இவ்வரலாற்றில் இருவகைத் தவறுகளைக் காண்கின்றோம். ஒன்று கருவியின் தவறு. கலங்கலந்து போதல், தொப்புட்கொடி மயக்கம், துணுக்குக் குறைவு என்பன அவ்வகையின. அவற்றை விஞ்ஞானம் தானே கண்டறிந்து தானே திருத்தி வந்துள்ளது. மற்றையது வினாவிலேயே உள்ள தவறு. எகிப்தியத் தாயும் கொப்பன்ஹேகன் தாயும் அமிர்தசரஸ் தாயும் கேட்ட வினா சொல்லளவில் ஒன்றே. அவ்வினாவுக்குப் பின்னே நின்ற சமுதாயங்கள் வேறு. விடை பெண் என்றால் என்ன செய்யப்படும் என்பதை எந்தக் கருவியும் தீர்மானிப்பதில்லை.

அமிர்தசரசிற் பிழையாக அறியப்பட்ட ஒரு கருவுக்காக ஒரு நாடே பேசியது. சரியாக அறியப்பட்ட கருக்களுக்காகப் பேசச் சிலரே முன்வந்தனர். அச்சிலரின் குரலே பின்னர்ச் சட்டமாயிற்று. சட்டத்தாற் கருவியைக் கட்டுப்படுத்தலாம். பெண் பிறந்தாள் என்னும் செய்தி ஒரு வீட்டில் எவ்வாறு வரவேற்கப்படுகின்றது என்பதைக் கட்டுப்படுத்துதல் இயலாது. அது மாறும்போதுதான் இப்பழைய வினா மீண்டும் வெறும் ஆவலின் வினாவாக அமையும்.